தொங்கும் கையும் நழுவும் காலமும்

 

நம் ஊர் நிக்காஹ் விருந்துகளில் ஒரு சஹனைச் சுற்றி நால்வர் அமர்ந்து உண்பது நீங்கள் அறிந்ததே. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தகைய விருந்தொன்றில் நாங்கள் மூவர் அமர்ந்து நான்காமவருக்காகக் காத்திருந்தோம். பந்தலோரம் என்னிடம் குர்ஆன் ஓதிய தம்பி ஒருவர் நின்றிருந்தார். அழைத்தேன். சிரித்தார், சலாம் சொன்னார், வரவில்லை. அருகில் இருந்த பெரியவர் மெல்லச் சொன்னார்: "வலக்கை விளங்கவில்லை, ஹஜ்ரத். நாலு பேர் சஹனில் இடக்கையை எப்படிப் போடுவான்?"

அன்று சோறு எனக்கு இறங்கவில்லை. அந்தக் கை இந்நேரம் சரியாகியிருக்கும் என்றே நான் எண்ணியிருந்தேன். எட்டு மாதங்களாக ஒருமுறையேனும் விசாரித்தேனா என்றால், இல்லை.

நடந்தது இதுதான். 2021ஆம் ஆண்டில் அத்தம்பி மோட்டார் சைக்கிளில் செல்கையில் லாரியொன்று உரசி, வலத்தோள் தரையில் மோதும்படி விழுந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது. அருகிலிருந்த மருத்துவமனையில் எலும்பைச் சேர்த்தார்கள். கை அசையவில்லையே என்று கேட்டதற்கு, "நரம்பு அடிபட்டிருக்கிறது, போகப் போகச் சரியாகும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பதினைந்து நாள் கழித்து அவருடைய தாயார் மத்ரஸாவுக்கு வந்தார். "பிள்ளையின் கையில் உயிரில்லை ஹஜ்ரத், ஓதித் தாருங்கள்" என்றார். தண்ணீரில் ஓதிக் கொடுத்தேன். அதில் தவறில்லை. தவறு அதற்குப் பின் நான் சொன்னது. "ஸப்ரு செய்யுங்கள் உம்மா. நரம்பு தானே கூடும்" என்றேன்.

நரம்பு தானே கூடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. நான் படித்தது கலைப் பட்டம். ஓதியது மார்க்கக் கல்வி. இரண்டிலும் நரம்பைப் பற்றிய பாடம் கிடையாது. ஆயினும், தாடியும் தொப்பியும் உள்ளவர் சொன்னால் ஒரு தாய் அதை மருத்துவர் சொல்லினும் மேலாகக் கொள்வார் என்பதை நான் எண்ணியிருக்க வேண்டும். எண்ணெய்க் கட்டு, ஒத்தடம், தாயத்து என்று மாதங்கள் ஓடின. இரவுகளில் கை தீயிலிட்டது போல் எரிகிறது என்று பிள்ளை அழுவாராம். தொட்டால் உணர்வில்லாத கை எப்படி எரியும்? கண்ணேறு என்று வீட்டார் முடிவு செய்தனர். வேரோடு அறுந்த நரம்புக்கு அத்தகைய எரிச்சல் உண்டு என்பதையும், அதுவே காயத்தின் கடுமைக்கு ஓர் அடையாளம் என்பதையும் பின்னர்தான் அறிந்தோம்.

விருந்துக்கு மறுவாரம் தாயையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, கை அறுவை சிகிச்சையில் தேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் சென்றேன். அவர் சோதனைகளை முடித்துவிட்டு, ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். அன்று விளங்கிக்கொண்டதை, நம் இல்லங்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொற்குழப்பம். கையில் நீலமாய்த் தெரியும் இரத்தக்குழாயையும் நரம்பு என்கிறோம். மணிக்கட்டில் கயிறுபோல் விறைக்கும் தசைநாணையும் நரம்பு என்கிறோம். மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டு செல்லும் உண்மையான நரம்பையும் நரம்பு என்றே சொல்கிறோம். ஆகவே "நரம்பு அடிபட்டது" என்ற சொல்லைக் கேட்டதும், பிசகிய தசையை நீவிச் சரிசெய்வது போல இதையும் நீவிவிடலாம் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. தசையை நீவலாம். அறுந்த நரம்பை எந்த எண்ணெயாலும் ஒட்ட இயலாது.

கழுத்தின் தண்டுவடத்திலிருந்து ஐந்து நரம்பு வேர்கள் புறப்பட்டு, காறை எலும்பின் பின்னே ஒன்றோடொன்று பின்னிக் கைக்குள் இறங்குகின்றன. தோளை உயர்த்துவது, முழங்கையை மடக்குவது, விரலை மூடுவது யாவும் இவற்றின் வேலையே. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுபவரின் தோள் ஒரு பக்கமும் தலை மறுபக்கமும் இழுபடும்போது இந்தப் பின்னல் தாங்காது. சிலருக்கு நரம்பு நீண்டு நைந்துபோகும். சிலருக்கு இடையிலே அறும். வேறு சிலருக்கு, நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கியது போலத் தண்டுவடத்திலிருந்தே வேர் பிடுங்கப்பட்டுவிடும். பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கி இழுபடும்போதும் இதே பின்னல் காயப்படுவதுண்டு. பிறந்த குழந்தை ஒரு கையை மட்டும் அசைக்காதிருந்தால் "சீதேவி தூங்குகிறாள்" என்று விட்டுவிடாதீர்கள்.

நைந்த நரம்பு தானாகவே தேறும், அது உண்மை. எனவே எல்லோருக்கும் உடனே அறுவை தேவையில்லை. இரண்டு மூன்று மாதங்கள் பார்ப்பார்கள். ஆனால் அந்தப் பார்த்திருத்தல் மருத்துவரின் கண்காணிப்பில் நிகழ வேண்டும்: மாதந்தோறும் எந்தத் தசை துடிக்கிறது, எது துடிக்கவில்லை என்று எழுதி, தேவையானபோது மின்சோதனையும் எம்.ஆர்.ஐ. படமும் எடுத்துப் பார்ப்பது. கத்தியாலோ கண்ணாடியாலோ வெட்டுண்ட நரம்புக்கு இந்தக் காத்திருப்பும் கூடாது. அதைச் சில நாட்களுக்குள் தைத்துவிட வேண்டும்.

ஏன் இத்தனை அவசரம்? இங்கேதான் என் அறியாமை முழுவதும் வெளிப்பட்டது. இணைக்கப்பட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்திலிருந்து முழங்கையை மடக்கும் தசையைச் சென்றடையவே பல மாதங்கள் ஆகும். விரல் நுனி வரை என்றால் இரண்டாண்டுகளுக்கும் மேலாகும். தசையோ அதுவரை பொறுப்பதில்லை. நரம்பின் கட்டளை வராத தசை மெலிந்து, ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் அக்கட்டளையை ஏற்கும் ஆற்றலையே இழந்துவிடும். அதற்குப்பின் நரம்பு வந்து சேர்ந்தாலும், ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டுவது போலத்தான். ஆகவே நரம்பு அறுவையை மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்துக்குள் முடிப்பது சிறந்தது என்கிறார்கள்.

நாங்கள் சென்றது ஒன்பதாம் மாதத்தில்.

"மூன்றாம் மாதம் வந்திருந்தால்..." என்று தொடங்கிய மருத்துவர், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலத்தில் வந்தவர்களுக்குச் செய்யப்படும் அறுவை வியப்புக்குரியது. வேரோடு பிடுங்கப்பட்ட நரம்பை மீண்டும் நடுவதற்கில்லை. ஆகவே வேறொரு வேலையைச் செய்யும் நல்ல நரம்பில் ஒரு பங்கை எடுத்து, செயலிழந்த தசையின் அருகிலேயே கொண்டுபோய் இணைக்கிறார்கள். பிரான்சு நாட்டின் ஒபெர்லின் என்னும் மருத்துவர் 1994இல் வெளியிட்ட முறை இவற்றுள் புகழ்பெற்றது. உள்ளங்கைக்குச் செல்லும் நரம்பின் பல இழைகளில் ஓரிரண்டைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குத் தருவது அம்முறை. கொடுத்த நரம்புக்குப் பெரும் இழப்பு இல்லை. பெற்ற தசைக்கோ வாழ்வு. தூரம் குறைவாதலால் காலமும் மிச்சமாகிறது. ஐந்து வேர்களும் போனவருக்கு இம்முறை உதவாது. அவருக்கு விலா எலும்புகளுக்கிடையே ஓடும் சுவாச நரம்புகளைத் திருப்பிவிடுவர்.

நரம்புக்குரிய காலம் கடந்தாலும் வாசல் முழுவதும் அடைபடுவதில்லை. தசைநாண் மாற்றம் என்றொரு வழி இருக்கிறது. மேற்கை எலும்பு முறிந்து, மணிக்கட்டு நிமிராமல் தொங்கிவிட்டவர்களை நீங்கள் பார்த்திருக்கலாம். அவர்களில் பெரும்பாலோர்க்கு நரம்பு தானே தேறிவிடும். தேறாதவர்க்கு, உள்ளங்கையைக் கவிழ்க்கும் தசையின் முனையைப் பிரித்து, மணிக்கட்டை நிமிர்த்தும் நாணில் தைத்துவிடுவார்கள். சில வாரங்கள் கட்டு, பின்னர்ப் பயிற்சி. தொடக்கத்தில் அவர் "உள்ளங்கையைக் கவிழ்" என்று எண்ணினால்தான் மணிக்கட்டு நிமிரும். நாளடைவில் மூளை புதிய பாடத்தை ஓதிக்கொள்கிறது. ஹிப்ழு மாணவரைப் போலத் திரும்பத் திரும்பச் செய்வதே வழி.

இவ்வகை அறுவைகள் ஐரோப்பாவில் முன்பே இருந்தன. எனினும் தொழுநோயாளிகளின் கைக்கு இதைக் கொண்டுவந்து உலகுக்கே பாடமாக்கிய இடம் நம் வேலூர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், இலண்டனில் மருத்துவம் பயின்று, 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டிலிருந்த தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கச் சென்றபோது, விரல்கள் மடங்கிக் கொக்கிபோல் இருந்த நோயாளி ஒருவரின் கையில் தம் கையைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடி அவருக்கே வலித்துவிட்டது. செத்துப்போனதாக எல்லோரும் எண்ணியிருந்த கையில் இவ்வளவு வலிமை! உள்ளங்கையின் சிறு தசைகள்தாம் போயிருக்கின்றன, முன்கையின் பெருந்தசைகள் உயிரோடு இருக்கின்றன என்பது அந்த வலியில் அவருக்கு விளங்கியது. ஒவ்வொரு விரலையும் மடக்க இரண்டு தசைகள் உண்டு. அவற்றுள் ஒன்றன் நாணை எடுத்து, விரலை நிமிர்த்தும் வேலைக்குத் திருப்பினார். இது 1948இல். கொக்கிகள் விரல்களாயின.

அதற்குப்பின் நிகழ்ந்ததுதான் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. கை சீரானவர்கள் திரும்பி வந்து முறையிட்டார்களாம்: கை நன்றாக இருப்பதால் பிச்சை விழவில்லை, நோய் வந்தவர் என்பதால் வேலையும் கிடைக்கவில்லை. அவர்களுக்குத் தொழில் கற்றுக்கொடுப்பதற்காக 1951இல் "நவஜீவ நிலையம்" தொடங்கப்பட்டது. கையைச் சீர்செய்வது மருத்துவருக்கு முடிந்தது. அந்தக் கைக்கு வேலை கொடுப்பது ஊராரின் பொறுப்பாக இருந்தது. பிராண்ட் 2003இல் மறைந்தார். வேலூர் மருத்துவமனையின் கை அறுவைப் பிரிவு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் கைக்கெனத் தனிப்பிரிவு பல்லாண்டுகளாக இயங்குகிறது. கோவை கங்கா மருத்துவமனையும் இத்துறையில் பெயர் பெற்றது. வெளிநாடு போக வேண்டியதில்லை.

கழுத்துத் தண்டுவடமே காயப்பட்டு இரு கைகளும் இரு கால்களும் செயலிழந்தவர்களுக்கும் இதில் நம்பிக்கை இருக்கிறது. சுவீடன் நாட்டு எரிக் மோபெர்க் 1970களில் அத்தகையோர்க்குத் தசைநாண் அறுவை செய்து, முழங்கையை நீட்டவும் கட்டைவிரலால் பொருளைப் பற்றவும் வழி கண்டார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர்கள் 2019இல், இவ்வாறு பாதிக்கப்பட்ட 16 பேருக்கு 59 நரம்பு மாற்றங்கள் செய்து பலன் கண்டதை வெளியிட்டனர். பக்கவாதத்தால் விறைத்த கைக்குக்கூட, நல்ல பக்கத்துக் கழுத்து நரம்பொன்றை மறுபக்கம் கொண்டுசென்று இணைத்துச் சீனாவின் ஷாங்காய் மருத்துவர்கள் 2018இல் முன்னேற்றம் காட்டினர். இது எல்லோர்க்கும் பொருந்தும் மருந்தன்று. பக்கவாதம் வேறு, நரம்பு அறுதல் வேறு. ஒன்றற்கான ஆலோசனையை மற்றதற்குக் கொள்ளாதீர்கள்.

"இறைவன் எடுத்ததை மனிதன் திருப்பி வைப்பதா?" என்று சிலர் கேட்கிறார்கள். அர்ஃபஜா (ரலி) அவர்கள் அறியாமைக் காலப் போரொன்றில் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் மூக்குச் செய்து வைத்தார்கள், அது நாற்றமெடுத்தது. ஆண்களுக்கு விலக்கப்பட்ட தங்கத்தாலேயே மூக்குச் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள் என்ற செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. இழந்த உறுப்பைச் சீர்செய்வது குறித்து இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? மறுபுறம், கை விளங்காதவரை இளக்காரமாய் நோக்குவோர் தல்ஹா (ரலி) அவர்களை நினைக்கட்டும். உஹதுக் களத்தில் நபி (ஸல்) அவர்களைக் காத்த அவர்களின் கை, வாழ்நாள் முழுவதும் செயலற்றே இருந்தது. சுவர்க்க நன்மாராயம் பெற்ற பதின்மரில் அவர்கள் ஒருவர்.

அறுவை சிகிச்சைக்கு நூல் யாத்த அஸ்ஸஹ்ராவீ எங்கள் குர்துபாவுக்கு அருகே பிறந்தவர், முப்பது பகுதிகள் கொண்ட "அத்தஸ்ரீஃப்" எழுதியவர் என்று மீலாத் மேடைகளில் முழங்குகிறோம். நானும் முழங்கியவனே. அந்தப் பெருமையால் என் மாணவரின் கைக்கு ஒரு நாள்கூட மிச்சமாகவில்லை.

இல்லங்களில் கேட்கப்படும் இரு வினாக்களுக்கு இங்கே விடை சொல்லிவிடுகிறேன். விளங்காத கையையும் உளூவில் கழுவ வேண்டும். தாமாக இயலாதவருக்குப் பிறர் தண்ணீர் ஊற்றி உதவலாம். கட்டுப் போட்டிருந்தால் கட்டின்மீது ஈரக்கையால் தடவுவது ஹனஃபி மத்ஹபில் போதும். ஷாஃபிஈ மத்ஹபினர் அத்துடன் தயம்மமும் செய்ய வேண்டும். வலக்கை இயலாதவர் இடக்கையால் உண்பதில் குற்றமில்லை. சஹனில் அவரை அமர்த்தாமல் விடுவதுதான் குற்றம்.

அத்தம்பிக்குப் பதினோராம் மாதத்தில் அறுவை நடந்தது. மேற்கைத் தசை காலம் கடந்துவிட்டதால், தொடையின் உட்புறத்திலிருந்து மெல்லிய தசையொன்றை அதன் இரத்தக்குழாயோடும் நரம்போடும் எடுத்து, மேற்கையில் பொருத்தி, விலா நரம்புகளோடு இணைத்தார்கள். தொடைத்தசை ஒன்று போனதால் நடைக்குக் குறையில்லை. செலவில் ஒரு பகுதியை ஜமாஅத்தின் பைத்துல்மாலும், மற்றதைத் தாயாரின் வளையல்களும் ஈடுசெய்தன.

அறுவைக்கு முன் மருத்துவர் தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கி நீட்டிப் பார்த்து, "மூட்டுகள் இறுகவே இல்லையே, யார் பயிற்சி கொடுத்தது?" என்று கேட்டார். மூட்டு இறுகிவிட்டால் எந்த அறுவையும் பயன் தராதாம். தாயார் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாள்தோறும் சுப்ஹு தொழுதபின், மகனின் கையை மடியில் வைத்து, விரலுக்குப் பத்து ஸலவாத் என்று எண்ணியபடி மடக்கி நீட்டுவாராம். எண்ணெய்க்காரரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உணர்வற்ற கை சூடான தேநீர்க் குவளையில் பட்டு வெந்துவிடாதபடி துணி சுற்றிக் காத்ததும் அவரே.

ஏழு மாதங்கள் வரை ஒன்றும் நிகழவில்லை. எட்டாம் மாதத்தில், தம்பி பெருமூச்சு விட்டபோது மேற்கையில் ஒரு துடிப்பு தெரிந்தது. சுவாச நரம்பல்லவா? மூச்சை ஆழ இழுத்தால்தான் முழங்கை மடங்கும். விரல்கள் இன்றும் மூடவில்லை. இனி மூடுவதற்கான வாய்ப்பு மிகக் குறைவு என்றே மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆயினும் முழங்கையின் மடிப்பில் பையை மாட்டிக்கொள்கிறார். தங்கையின் குழந்தையை அணைத்துக்கொள்கிறார். கைபேசிக் கடையில் கணக்கெழுதுகிறார், இடக்கையால்.

முன்பெல்லாம் தொழுகையில் தக்பீர் கட்டும்போது, இடக்கையால் வலக்கையைத் தூக்கி வைப்பார். அது நழுவி விழும். மீண்டும் தூக்கி வைப்பார். அறுவைக்குப் பின் ஓராண்டு கழித்து ஒரு நாள் இஷாவில் என் பக்கத்தில் நின்றார். இமாம் தக்பீர் சொன்னதும் அவர் ஆழ மூச்சிழுக்கும் ஒலி கேட்டது. வலக்கை தானாக எழுந்து வந்து இடக்கையின் மேல் அமர்ந்தது. அன்று நான் என்ன ஓதினேன் என்று எனக்கே நினைவில்லை. இப்போது மூளை பழகிவிட்டது போலும். பக்கத்தில் நின்றாலும் அந்த மூச்சொலி கேட்பதில்லை.